நுரை வராத இடம்

மாலை ஐந்து மணி அடித்தால் போதும், அந்த வீட்டுப் பெரியவர் போய்த் தன் காருக்குள் உட்கார்ந்துவிடுவார். கார் எங்கும் போகாது. முன்பக்கம் கதவில்லாத தகர ஷெட்டுக்குள் நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு முழுசாக ஒரு மணி நேரம் உள்ளேயே இருப்பார். ஓட்டாமல் போட்டு வைத்தால் பேட்டரி செத்துப்போகும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். முப்பது வருஷத்துக் கார், வயசான காலத்தில் அதையாவது கட்டிக்கொண்டு அழட்டும் என்று அந்த அம்மாளும் விட்டுவிட்டாள்.

உண்மை என்னவென்றால், மனுஷர் உள்ளே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, மூன்று. இரண்டு வருஷம் முன்பு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது, இனிமேல் தொடவே மாட்டேன் என்று பேத்தி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியவர் அவர். அந்தச் சத்தியம் காருக்கு வெளியே மட்டும்தான் செல்லும் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. ஆறு மணிக்கு இறங்கினால் நேரே குளியலறைக்குப் போய்விடுவார். கேட்டால், வேர்த்துக் கொட்டுகிறது என்பார். ஏசியிலிருந்து இறங்கி வருகிறவருக்கு எப்படி ஐயா வேர்க்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்தது ஒரே ஒருவனுக்கு. அவன் சின்ன மாப்பிள்ளை. அவனுக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டுதான், ஆனால் அந்த வீட்டில் அதை யாரும் வாயில் வைத்ததில்லை. மூத்தவர் பேங்க் மாப்பிள்ளை, இவன் ஏசி மாப்பிள்ளை. ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவன் கடை இருந்த கட்டிடத்தை இடித்துத் தள்ளியபோது, வேறு இடம் கிடைக்கும்வரை ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பெண்டாட்டி பிள்ளையோடு மாமனார் வீட்டுக்கு வந்தான். அந்த ஒரு மாசத்துக்கு இப்போது இரண்டு வயசு ஆகிறது.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதென்றால் என்னவென்று இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். சோறு போடுவார்கள், நன்றாகவே போடுவார்கள். ஆனால் இரண்டாம் தடவை குழம்பு கேட்க நாக்கு எழாது. அவனுடைய வேலை மேசையையும் கருவிகளையும் ஷெட்டில் காருக்குப் பின்னால் வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண். ஒவ்வொரு தடவையும் வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நழுவித்தான் அவன் தன் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டைப் பொத்தான் கதவில் உரசினால் காருக்குள்ளிருந்தே குரல் வரும், பெயிண்ட் பத்திரம் மாப்ளே என்று.

இப்படி இருக்கிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். கோடை ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாமனார் தன் காரின் ஏசியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் காலத்துக் கேஸ் போட்ட வண்டி, அந்தக் கேஸைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரிக்கிறார்கள் என்றார். பேங்க் மாப்பிள்ளை இதுதான் சாக்கு என்று, நம்ம வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கிறாரே என்று கண்ணடித்தார். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புதுக் கேஸுக்கு மாற்றித் தருகிறேன், ரெண்டே நாள் என்று சொல்லிவிட்டான்.

வேலை தெரியாதவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பழைய எண்ணெயைக் கழுவி எடுத்தான். இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றினான். ஈரம் உறிஞ்சும் டப்பாவைத் தேடி அலைந்து வாங்கி வந்து போட்டான். பம்ப் வைத்துக் காற்று முழுவதையும் இழுத்து, மீட்டரின் ஊசி அசையாமல் நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். ஊசி அசையவில்லை. காற்று அடிக்கும் ஃபேனைக் கழற்றித் துடைத்தபோதுதான் அதன் இறக்கைகளுக்கு நடுவே சாம்பலும், கருகிய சிகரெட் துண்டு ஒன்றும் கிடைத்தன. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் அதைப் பார்த்தார். இவனையும் பார்த்தார். பிறகு, இது நமக்குள்ள இருக்கட்டும் மாப்ளே என்றார். அவர் அவனிடம் ரகசியம் என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் ஏசி குளிரவில்லை. முறைப்படி மாற்றினால் பழைய வண்டிகளில் வருகிற தொல்லை இது. பழைய கேஸுக்கென்று செய்த குழாய்களில் புதுக் கேஸ் அந்த அளவுக்குக் குளிரை இழுக்காது. ஏதோ சுமாராக வரும். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றப் போனபோது, பின் சீட்டிலிருந்த பேங்க் மாப்பிள்ளை காற்று வரும் துளையில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பெருமூச்சு விடற மாதிரி இருக்கே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சிரித்தார், மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மனைவியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள், கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில், போட்ட கேஸை எல்லாம் எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றினான். சின்ன ஃபிரிட்ஜுகளுக்குப் போடுகிற கேஸ் அது. சமையல் கேஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அதைப் போலவே பற்றிக்கொள்ளும், வாசனை மட்டும் கிடையாது. ஃபிரிட்ஜுக்கு ஒரு கை அளவு போதும் என்பதால் பெரிய பயம் இல்லை, காருக்கோ அதைப் போல ஐந்தாறு மடங்கு வேண்டும். காருக்குப் போடக் கூடாது என்பது தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். இவனுக்கும் தெரியும். உள்ளே உட்கார்ந்து ஒருவர் தீக்கொளுத்துகிறார் என்பதும் தெரியும். குழாய்க்குள்தானே சுற்றப் போகிறது, எல்லா இணைப்பும் நான் போட்டது, எங்கே போய்விடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏற்றினான்.

அது இழுத்தது பாருங்கள்! ஐந்தே நிமிஷத்தில் கண்ணாடியில் பனி படிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேங்க் மாப்பிள்ளை போர்த்திக்கொள்ளத் துண்டு கேட்டார். மாமனார் ஸ்டியரிங்கைத் தட்டி, கைன்னா இது கை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துக் காட்டினார். புதுக் கேஸ், என் மாப்பிள்ளை மாற்றிக்கொடுத்தது என்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அன்று ராத்திரி அவன் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இரண்டு மாசம் கழித்து மாமனார் மெதுவாக ஆரம்பித்தார். முன்ன மாதிரி சில்லுனு இல்லையே மாப்ளே, ஒரு பார்வை பாருங்களேன் என்றார். பானெட்டைத் திறக்க வேண்டுமென்றால் அவர்தான் வர வேண்டும். முன்னொரு காலத்தில் யாரோ பேட்டரியைக் களவாடிக்கொண்டு போனதிலிருந்து, கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் சட்டைப் பையில், லைட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். திறந்து விட்டுவிட்டு வழக்கம்போல ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இவன் மீட்டரை மாட்டினான், கேஸ் குறைந்திருந்தது. குறைந்தது எங்கேயோ போயிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தான். கசிகிற இடம் இருந்தால் அங்கே நுரை குமிழ் விடும், பார்த்து இறுக்கிவிட்டால் தீர்ந்தது. கம்ப்ரஸரின் வாயில் தடவினான், குமிழ் வரவில்லை. முன்னால் இருக்கிற குழாய்களில் தடவினான், வரவில்லை. டப்பாவில், வால்வில், வளைவுகளில், மடிப்புகளில் என்று ஒரு இடம் விடாமல் தடவினான். எங்கேயும் ஒரு குமிழ் கிடையாது. மாமனார் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, ஒரு இடத்துலயும் லீக் இல்லையே என்று சந்தோஷப்பட்டார்.

இவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். எஞ்சின் பக்கம் எங்கேயும் கசியவில்லை என்றால் மிச்சம் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. டாஷ்போர்டுக்குப் பின்னால் காற்றைக் குளிர வைக்கிற காயில், அந்தக் குழாய்ச் சுருள். அது கசிந்தால் வெளியே போகாது, நேரே காருக்குள்ளேதான் வரும். காற்றை விடக் கனமான கேஸ், காலடியில் போய்த் தேங்கும். பகல் பூராவும் கண்ணாடி ஏற்றிக் கிடக்கும் கார். ஐந்து மணிக்கு இவர் வந்து உட்காருவார், கதவைச் சாத்துவார். முதல் இழுப்பை மட்டும் எஞ்சின் சத்தமில்லாமல் அனுபவிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் பற்றவைப்பார், அப்புறம்தான் சாவியைத் திருகுவார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். மாமா, இந்தக் கேஸை எடுத்துட்டு வேற மாத்திடலாமா என்று மட்டும் வந்தது. அவர் துள்ளி எழுந்தார். நல்லா ஓடறதை எதுக்கு மாப்ளே நோண்டணும், குறைஞ்சதை மட்டும் ஊத்தி விடுங்க, போதும் என்றார். பக்கத்திலேயே நின்றார்.  இவன் போய், மேசைக்கடியிலிருந்து அதே பாட்டிலைத் தூக்கி வந்து, குறைந்ததை ஏற்றி விட்டான். தெரிந்தே செய்தான். அவன் கை அதைச் செய்துகொண்டிருந்தபோது காது மட்டும் சூடாகிக்கொண்டே போனது. மாமனார் பானெட்டைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. தினமும் நாலே முக்காலுக்கு எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவான். கார்க் கதவின் பூட்டு என்றைக்கோ கெட்டுப்போனது, அதனால் திறக்கத் தடையில்லை. நான்கு கதவையும் அகலத் திறந்து போட்டு, கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு காலடியில் விசிறி விசிறித் தூசி தட்டுவதுபோல் நடிப்பான். மாமியார் சமையலறை ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். அது சுற்றிச் சுற்றி அவன் காதுக்கே வந்தது. கேட்டபோது அவனுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தட்டி முடித்தால் போதாது, அவர் கண்ணாடியை ஏற்றிவிடுவாரே. அதனால் நானும் கொஞ்சம் உட்காருகிறேன் மாமா என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். புகை கண்ணை எரிக்கிறது என்று தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்தான். லைட்டரின் சக்கரத்தை அவர் கட்டை விரல் தேய்க்கும் அந்த ஒரு நொடி, தொடையில் வைத்த கை தானாக மூடிக்கொள்ளும். தீ பற்றும், சிகரெட் மட்டும் பற்றும், அவர் கண்ணை மூடிப் புகையை விடுவார். அப்புறம்தான் இவனுக்கு மூச்சு வரும். அடுத்த சிகரெட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இதில் கொடுமை என்னவென்றால், மாமனாருக்கு இது பிடித்துப்போய்விட்டது. இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர் இப்போது மடை திறந்த மாதிரி பேசினார். வேலையில் இருந்தபோது மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதைச் சொன்னார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எவ்வளவு பயந்தார் என்று சொன்னார், அதை யாரிடமும் சொன்னதில்லையாம். பேங்க் மாப்பிள்ளை வாய்ச்சவடால், நீங்க கை வேலை தெரிஞ்ச ஆளு என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், காரை முன்னால் ஒரு கஜம் தள்ளி நிறுத்திவிடுகிறேன், உங்கள் மேசையை நன்றாகப் பரப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு போர்டும் மாட்டிவிடலாம் என்றார். இவனுக்கு அந்த நேரத்தில் அவர் மேல் உண்மையாகவே பாசம் வந்தது. சொன்னால் போர்டும் போகும், இந்தப் பேச்சும் போகும். சொல்லாவிட்டால் மனுஷரே போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் தினமும் ஒரு மணி நேரம் சில்லென்று உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொன்னால், காருக்குள் எதுக்குத் தீ என்று கேட்பாள், மாமனாரின் குட்டு உடையும். மனைவியிடம் சொன்னால் அவள் அப்பாவிடம்தான் போய் நிற்பாள். மாமனாரிடமே சொன்னால் தன் குட்டு உடையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இதற்கிடையில் அவன் மகள், ஐந்து வயசுப் பாப்பா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் தாத்தாவோடு ஏசி காரில்தான் போவேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தாவும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இவன் தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டான். புதன் போனது, வியாழன் போனது, வெள்ளி போனது.

சனிக்கிழமை கடைத்தெருவில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரர் பெட்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். பாதியில் விட்டுவிட்டு வர முடியாத வேலை, சரக்கெல்லாம் உருகிக்கொண்டிருந்தது. இவன் கை வேலையில் இருந்தாலும் கண் சுவர்க் கடிகாரத்தில்தான் இருந்தது. நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று ஓடினான். கடைக்காரர் பின்னால் கத்தியது காதில் விழவில்லை. செருப்பு ஒன்று அறுந்தது, அதை எடுக்கவும் நிற்கவில்லை.

வந்து பார்த்தால் ஷெட்டுக்குள் கார் நிற்கிறது. நான்கு கண்ணாடியும் ஏறியிருக்கிறது. உள்ளே ஒரே புகைமூட்டம், நடுவில் மாமனார் தலை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சிகரெட் ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.  அவர் இரண்டாவதை உதட்டில் வைத்துக்கொண்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். இவன் கதவைப் பிடுங்கித் திறந்து, கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினான்.

"இறங்குங்க மாமா."

"என்ன மாப்ளே, ஒத்தைச் செருப்போட ஓடி வரீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"இறங்குங்க மாமா, உங்க கால்ல வேணா விழறேன்."

அவர் இறங்கவில்லை. இவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முதலில் போட்டது என்ன, பிறகு மாற்றியது என்ன, ஏன் மாற்றினான், எது எங்கே கசிகிறது, அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றபோது என்ன ஏற்றினான் என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குவது போலிருந்தது. மாமனார் உதட்டில் சிகரெட்டோடு முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"உங்க அத்தை மோப்பம் புடிச்சிட்டாளா? அவ சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?"

இவன் திகைத்துப்போனான். இல்லை மாமா என்றான், சத்தியமாக இல்லை என்றான். அவர் நம்பினால்தானே! கேஸ் என்றால் நாறாதா, எனக்கு மூக்கு இல்லையா என்றார். புதுக் கேஸ் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்களே என்றார். கடைசியாக ஒன்று கேட்டார், அதற்குத்தான் இவனுக்கு அழுகை வந்தது.

"பத்து நாளா நீங்களும்தானே எங்கூட உக்காந்தீங்க? வெடிக்கும்னு தெரிஞ்ச வண்டியில எவனாவது வந்து உக்காருவானா மாப்ளே?"

"அதுக்குத்தான் மாமா உக்காந்தேன்."

அவர் மறுபடியும் சிரித்துவிட்டு லைட்டரைக் கண்டுபிடித்து எடுத்தார். இரண்டு வருஷத்தில் அவர் முன்னால் குரலைக்கூட உயர்த்தாதவன், அதை அவர் கையிலிருந்து பறித்தான். பறித்த வேகத்தில் அவர் சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டு பானெட் சாவியையும் எடுத்துக்கொண்டான். பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. மரியாதை கெட்டுப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

இவன் நான்கு கதவையும் திறந்து போட்டான். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, காரைத் தனியாளாக முற்றத்துக்குத் தள்ளினான். வயிற்றை எக்கிக்கொண்டு எத்தனை நாள் நழுவிப் போன கார், அன்றைக்கு என்னவோ சுலபமாக நகர்ந்தது. காற்று நன்றாகப் போய்வரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டான். பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டி, அதன் நீளக் குழாயைக் காரிலிருந்து எட்ட இழுத்துக்கொண்டு போய்த் தரையில் நீட்டினான். வால்வை ஒரு மயிரிழை திறந்தான். குழாய் மெல்லச் சீறியது. அதன் நுனியில் லைட்டரைக் காட்டினான்.

பற்றிக்கொண்டது. அடியில் நீலமும் நுனியில் மஞ்சளுமாக, சமையலறை அடுப்பில் எரிகிற அதே தீ, ஒரு விரல் உயரத்துக்கு நின்று எரிந்தது. சத்தமே இல்லை. அந்தி வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. இவன் வால்வை மூடினான், தீ சுருங்கி அணைந்தது. மாமனார் உதட்டிலிருந்த சிகரெட் எப்போது கீழே விழுந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். திட்டப் போகிறார், கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போகிறார் என்று இவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அவர் இவனைப் பார்க்கவே இல்லை. காரின் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு," என்றார். "பாப்பா வேர்த்துக் கெடந்தா. தூக்கிட்டு வந்து பின்னாடி படுக்க வச்சேன். ஏசியைப் போட்டு, குளிர் வெளிய போகுமேன்னு கண்ணாடி பூரா ஏத்திட்டேன். அவ தூங்கிட்டா." கீழே விழுந்து கிடந்த சிகரெட்டைக் காலால் தள்ளினார். "முன்னாடி உக்காந்து ரெண்டு பத்த வச்சேன் மாப்ளே."

ஐந்து மணிக்கு ஓடி ஓடி வந்து துணி விசிறினானே, அந்த நேரத்தை மட்டும்தான் அவன் காவல் காத்திருக்கிறான். மத்தியானத்தை யார் காத்தார்கள்? நேற்று அந்த நேரத்தில் யாருடைய சமையலறையிலோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு இருந்தான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததுகூட ஞாபகம் வந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காரை முற்றத்தில் பார்த்துவிட்டு மாமியார் வெளியே வந்தாள். பின்னாலேயே அவன் மனைவியும், புதுப் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பாப்பாவும் வந்தார்கள். கதவெல்லாம் திறந்திருப்பதைப் பார்த்த பாப்பா, தாத்தா ஏசி போடு என்று நேரே பின் சீட்டுக்கு ஓடினாள். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். இவன் கை முந்திக்கொண்டது. இடுப்பைப் பிடித்து வெடுக்கென்று தூக்கியதில் அவள் வீல் என்று கத்தினாள். குழந்தையை எதுக்கு இப்படிப் பயமுறுத்தறீங்க என்று மனைவி வந்து வாங்கிக்கொண்டாள்.

 பேசாமல் இருந்தால் இன்றைக்கும் தப்பித்துவிடலாம் என்று இவனுக்குத் தெரிந்தது. பாப்பா விழுந்துவிடுவாள் என்று பிடித்தேன் என்றால் போதும், முடிந்தது. ஆனால் அவள் அழுகை இன்னும் நிற்கவில்லை, அவள் முதுகில் அந்தப் பை குலுங்கிக்கொண்டிருந்தது. இவன் மாமியார் பக்கம் திரும்பிச் சொன்னான். இந்தக் காரில் நான் போட்டது பற்றிக்கொள்கிற கேஸ், புதுக் கேஸ் என்று சொன்னது பொய், அது இப்போது உள்ளே கசிகிறது, யாரும் ஏறக் கூடாது என்றான். தன் பங்கை மட்டும்தான் சொன்னான். மனைவிக்குத் தொழிலின் வார்த்தைகள் கொஞ்சம் தெரியும். அந்த ஃபிரிட்ஜ் கேஸா என்று கேட்டாள், அவன் தலையசைத்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மாமியாருக்கு அந்த அளவுக்குப் புரியவில்லை. அவள் சமாதானம் பண்ணத்தான் பார்த்தாள்.

"சரி, தெரியாம போட்டுட்டீங்க, மாத்திட்டாப் போச்சு. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? காருக்குள்ள உக்காந்து யாரு நெருப்பு வைக்கப் போறாங்க?"

 பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள். மாமியாரின் பார்வை ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அவன் கையில் வந்து நின்றது. லைட்டர் இன்னும் அங்கேதான் இருந்தது. அதை அவன் மறந்தே போயிருந்தான். அவனுக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது, அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அது ஏது?" என்றாள்.

இத்தனை நாள் பொய்யில் பழகிய நாக்கு, யோசிக்காமலே முன்னால் வந்தது. வேலைக்கு வேணும்னு நான்தான் அத்தை, என்று ஆரம்பித்தான்.

"என்னுது," என்றார் மாமனார்.